செம்பாறையில் கேரு வைத்த மாமரங்கள்

கேரு மாண்டவ்கருக்கு அவன் அண்ணன் பாண்டு பிரித்துக் கொடுத்தது நிலம் இல்லை, பாறை. எங்கள் ஊர் தாம்ணவாடிக்கு மேலே கால்மணி நேரம் ஏறினால் வரும் செம்பாறை மேடு. நாங்கள் சடா என்போம். மழை பெய்கிற நாலு மாதம் அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். தீபாவளி போனதும் புல் காய்ந்துவிடும். பங்குனியில் பார்த்தால் சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்லைப் பரப்பி வைத்ததுபோல் கொதித்துக்கொண்டு கிடக்கும். மாடுகள்கூட அந்த மாதங்களில் அந்தப் பக்கம் ஏறுவதில்லை.

பாகம் பிரித்தபோது கேரு பம்பாயில் ஒரு துணி மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி ரக்மாவும் பெண் சுலபாவும் ஊரில், அண்ணன் வீட்டில். அந்த வருஷம் கணபதிப் பண்டிகைக்கு வந்தவனிடம் பாண்டு காகிதத்தை நீட்டினான்.

"வயலைக் கவனிக்க நீ எங்கடா இங்க இருக்கே? உனக்குத்தான் பம்பாய் இருக்கே. மேட்டுல ரெண்டரை ஏக்கர் உன் பேர்ல எழுதியாச்சு. போடு."

மறுநாள் காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கேரு படிக்காமலே கையெழுத்துப் போட்டான். ரக்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினைந்து வருஷம் அந்த வயலில் நாற்று நட்டவள் அவள்தான். கீழே இருந்த மூன்று வயலும் பாண்டுவுக்கு. மேட்டிலும் ஓரமாக ஒரு பட்டையைத் தனக்கென்று பாண்டு வைத்துக்கொண்டான், எதற்கென்று அவனுக்கே அப்போது தெரியாது.

அப்புறம் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. வந்தது போகவே இல்லை. ஒன்றரை வருஷம் பம்பாயில் கதவு திறக்கும் திறக்கும் என்று காத்திருந்துவிட்டு, எண்பத்து மூன்றில் ஒரு தகரப் பெட்டியும் இருமலுமாகக் கேரு ஊர் வந்து சேர்ந்தான். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

நான் வாடியில் நெல் அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். கேருவும் நானும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். அவன் பகலெல்லாம் என் மில்லில் வந்து உட்கார்ந்திருப்பான். மெஷின் ஓடும்போது அவன் முகம் கொஞ்சம் தெளியும்.

"உன் மில்லாவது மூடாம ஓடுதே," என்பான்.

ஒரு நாள் கடப்பாரை கேட்டு வந்தான். மேட்டில் மாமரம் வைக்கப்போவதாகச் சொன்னான். மில்லில் அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. என் வழுக்கையைத் தட்டிக் காட்டி, "பாறையில எதுக்கு? இங்க வையேன். இதுலயும் ஒண்ணும் முளைக்கிறதில்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கேருவும் சிரித்தான். ஆனால் கடப்பாரையை வாங்கிக்கொண்டுதான் போனான்.

பக்கத்து ஊரில் ஒருவர் ஒட்டுக்கன்று போடும் தோட்டம் வைத்திருந்தார். கேரு அங்கே ஒரு மாதம் கூலி வாங்காமல் வேலை செய்தான். கூலிக்குப் பதிலாக முப்பது ஹாபூஸ், அதாவது அல்போன்சா மாங்கன்றுகள். அந்த ஒரு மாதத்தில் கொட்டையிலிருந்து வந்த நாட்டுக்கன்றின் தலையைச் சீவி, நல்ல மரத்துக் குச்சியைச் செருகிக் கட்டும் வித்தையையும் பார்த்துக் கற்றுக்கொண்டான். எங்கள் பக்கத்தில் வசதி உள்ளவர்கள் மேட்டில் தோட்டம் போடும்போது வெடிவைத்துப் பாறையைப் பிளப்பார்கள். லாரியில் வண்டல் கொண்டுவந்து நிரப்புவார்கள், மூட்டை உரம் போடுவார்கள். கேருவிடம் வெடியும் இல்லை, லாரியும் இல்லை. இரண்டு கை, என் கடப்பாரை, ரக்மா.

தை மாதத்திலிருந்து வைகாசி வரை அவன் குழி தோண்டினான். தோண்டினான் என்று சொல்லக் கூடாது, செதுக்கினான். ஒரு குழிக்கு நாலு நாள், சில குழிக்கு ஆறு நாள். இடுப்பளவு ஆழம், ஒரு ஆள் குந்தி உட்காரும் அகலம். ரக்மா கூடையில் மண் சுமந்தாள். ஓடைக்கரை வண்டல், காட்டோரத்து இலைமக்கு, சந்தையில் மீன்காரிகள் வீசிவிட்டுப் போகும் தலையும் செதிலும் என்று அவளுக்குக் கிடைத்த எதையும் விடவில்லை. மீன் போட்ட குழிகளை நரி வந்து கிளறிப் போட்டது. அதன் பிறகு மீனை நிறுத்திவிட்டாள்.

ஒரு நாள் குழி விளிம்பில் கூடையை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். பின்னால் கேருவே எனக்குச் சொன்னது இது.

"ஏங்க, இது மரம் வைக்கிற குழியா, கெணறா?"

"ஏன்?"

"சுத்திவரக் கல்லு. அடியிலயும் கல்லு. மழைத்தண்ணி உள்ள போனா எந்த வழியா வெளிய வரும்?"

"நல்ல மண்ணைப் போட்டு ரொப்பிட்டா குடிச்சுக்கும். நீ கொண்டா."

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

இருபத்து நாலு குழி நிரம்பிவிட்டது. கடைசி ஆறு குழிக்கு மண் போதவில்லை. ரக்மா பாண்டுவின் வயல் வரப்பிலிருந்து மண் எடுத்தாள். பண்பட்ட கருப்பு மண் அது. ஆறு குழிக்கும் எடுத்து முடித்த மறுநாள் பாண்டுவின் மனைவி ஆனந்தி முற்றத்தில் நின்று கத்தினாள். வாடி முழுக்கக் கேட்டது.

"நாத்து விடுற வயலோட வரப்புடி அது! சொரண்டிட்டுப் போனா தண்ணி எங்க நிக்கும், உன் மடியிலயா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டோமா?"

"கேட்டேன் வைனி," என்றாள் ரக்மா. அண்ணியை எங்கள் பக்கம் வைனி என்றுதான் கூப்பிடுவோம். "போன மாசமே கேட்டேன். அவருகிட்ட சொல்றேன்னீங்க."

"சொல்றேன்னா குடுத்துட்டேன்னு அர்த்தமா? நல்லா இருக்கே கதை!"

பாண்டு சத்தம் போடவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே வெளியே வந்தான்.

"எடுத்த மண்ணு எடுத்த எடத்துக்கு வரணும். அவ்ளோதான். வேற பேச்சு வேணாம்."

"தாதா, மண்ணுதானே..." என்றான் கேரு. அண்ணன் எங்களுக்குத் தாதா.

"மண்ணுதான். அதான் சொல்றேன். உன் மண்ணு மேல இருக்கு, என் மண்ணு கீழ இருக்கு."

அன்றும் மறுநாளும் கேருவும் ரக்மாவும் ஆறு குழி மண்ணைக் கூடை கூடையாக அள்ளி, அந்தச் சரிவில் இறக்கி, வரப்பில் கொட்டினார்கள். வெயில் கொளுத்தியது. நாங்கள் எல்லாரும் அவரவர் வாசலிலிருந்து பார்த்தோம். ஒருவரும் போய் ஒரு கூடை தூக்கவில்லை, நான் உட்பட. இரண்டாம் நாள் மாலை கேரு கொட்டகை அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

அதற்குள் ஆனி பிறந்து முதல் மழை விழுந்துவிட்டது. இருபத்து நாலு கன்றை நட்டாயிற்று. மீதி ஆறு கன்று வேர் காய்ந்து சாகிற நிலையில் இருந்தது. அந்த ஆறையும் ரக்மா தனியாகவே எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். வெற்றுக் குழிகளில் அவள் அவற்றை வைக்கவில்லை. பாறை விளிம்பில் களாச்செடிகள் முளைத்திருந்த இடம் ஒன்று உண்டு. அங்கே பாறை வெடித்து விரல் நுழையும் அளவுக்கு விரிசல் ஓடும். அந்த விரிசல்களில் இருந்த செஞ்சரளையைக் கையால் கிளறி, அதிலேயே கன்றை வைத்து, அதே சரளையைத் தள்ளி மூடி, மேலே காய்ந்த புல்லைப் போட்டு, புல் பறக்காமல் இருக்கக் கல்லை வைத்துவிட்டு வந்தாள். ஒரு பிடி நல்ல மண்ணும் போடவில்லை. கையில் இல்லை, அதனால் போடவில்லை.

அந்த வருஷம் மழை எங்கள் பக்கத்துக்கே அதிகம். ஆடியில் பத்து நாள் வானம் மூடியே கிடந்தது. கேரு மேட்டுக்கு ஏறிப் பார்த்தபோது இருபத்து நாலு குழியும் இருபத்து நாலு அண்டா மாதிரி விளிம்பு வரை தண்ணீர் நின்றது. போட்ட வண்டல் எல்லாம் கூழாகி, கன்றுகள் கழுத்து வரை மூழ்கி, இலை வெளுத்துப்போய் நின்றன. ரக்மா கேட்டது அவனுக்கு அங்கேயே, அப்போதே ஞாபகம் வந்திருக்கும். வீட்டிலிருந்து இரண்டு செம்பை எடுத்துக்கொண்டு இருவரும் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தார்கள்.

பகலில் இறைப்பார்கள். காலையில் போனால் மறுபடி நிறைந்திருக்கும். தலையில் மழைக்கு ஈச்ச ஓலைக் கொங்காணி, காலடியில் சேறு, இடுப்பு வரை குழித்தண்ணீர். எட்டு நாள். ஒன்பதாம் நாள் ரக்மாவுக்குக் குளிர் எடுத்தது. பதினொன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆற்று வெள்ளம் பாலத்துக்கு மேல் ஓடியதால் பஸ் நின்றுபோயிருந்தது. அவளை நாற்காலியில் கட்டி நாலு பேர் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அந்த நாலில் நானும் ஒருவன், பாண்டுவும் ஒருவன். பாதி வழியில் அவள் கேருவைக் கூப்பிட்டாள்.

"ஓரத்துல வச்ச ஆறைப் போய்ப் பாத்தீங்களா?"

"பாக்கல. பாத்துக்கலாம். நீ பேசாம வா."

பாலத்துக்கு இந்தப் பக்கமே அவள் போய்விட்டாள். என்ன காய்ச்சல் என்று அப்போது யாரும் பேர் சொல்லவில்லை. சுலபாவுக்கு அப்போது பதினோரு வயசு.

குழியில் வைத்த கன்றுகள் ஒன்று மிச்சமில்லாமல் அழுகிப்போயின. கேரு ஆவணி முடியும் வரை மேட்டுப் பக்கமே போகவில்லை. என் மில்லுக்கும் வரவில்லை. கணபதிப் பண்டிகை முடிந்த பிறகு ஒரு நாள் என்னைத் தேடி வந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"வா, ஒண்ணு காட்டணும்."

மேட்டு விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். களாச்செடிகளுக்கு நடுவே ரக்மா வைத்த ஆறில் ஐந்து நின்றன. சாண் உயரம்கூட வளரவில்லை. ஆனால் இலை கரும்பச்சை. இரண்டு கன்றில் செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருந்தது. கேரு அதன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் அஞ்சு மாசம் செதுக்கினேன்," என்றான். "அவ ஒரு மணி நேரத்துல வச்சிட்டு வந்திருக்கா."

நான் அவன் தோளில் கை வைத்தேன். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"நாத்து நட்டவளுக்குத் தெரியும். தறி ஓட்டினவன் நான் கேக்கல."

அதிலிருந்து அவன் வாழ்க்கை என்றால் அந்த மேடுதான். அண்ணன் கொடுத்த அறையை விட்டுவிட்டு, மேட்டுக்கு ஏறும் வழியில் கல்லடுக்கிப் புல் வேய்ந்து ஒரு குடிசை போட்டுக்கொண்டான். சுலபாவைத் தன் மாமியார் வீட்டுப் பக்கம், ரக்மாவின் தங்கையிடம் படிக்க அனுப்பிவிட்டான். அவள் போகும்போது அழவில்லை என்றும் அதுதான் அவனைத் தின்றது என்றும் ஒரு முறை சொன்னான்.

மறுபடி கன்று வாங்க அவன் யாரிடமும் போகவில்லை. வைகாசியில் வாடி முழுக்க நாட்டு மாம்பழம் தின்று கொட்டையை வாசலில் எறிவார்கள். கேரு கூடையோடு வீடு வீடாகப் போய்ப் பொறுக்கினான்.

"கேருபாவ், எங்க எச்சிலையாவது விட்டு வைப்பா!" என்று பெண்கள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள்.

"கொட்டையை மட்டும் குடு தாயி. எச்சில் உனக்கே."

"இவன் நாளைக்குக் கல்லுல மாங்கா பறிச்சு நமக்கே விப்பான் பாரு," என்றாள் ஆனந்தி.

"உங்களுக்கு விக்க மாட்டேன் வைனி. உங்க மண்ணு பட்டதில்லையே, உங்களுக்குப் புடிக்காது."

அப்படிக் கூர்மையாக அவன் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மழை இறங்கும் முன் மேட்டை அங்குலம் அங்குலமாக நடந்து விரிசல் தேடினான். களாச்செடி எங்கே தானாக முளைத்திருக்கிறதோ, எறும்பு எங்கே மண்ணை மேலே தள்ளியிருக்கிறதோ, முதல் மழையின் தண்ணீர் எங்கே நிற்காமல் உள்ளே இறங்குகிறதோ, அங்கே கடப்பாரையின் நுனியை விட்டு அசைத்துப் பார்ப்பான். உள்ளே போனால் கொட்டை வைப்பான். ஒரு விரிசலுக்கு மூன்று கொட்டை. அங்கே கிடந்த சரளையாலேயே மூடுவான். வெளி மண் ஒரு கைப்பிடிகூடச் சேர்க்க மாட்டான். "மெத்தை போட்டா வேர் எழுந்திருக்காது. அங்கயே சுருண்டு படுத்துக்கும்," என்பான். மேலே அறுத்த புல்லையும் களாயிலையையும் கனமாகப் பரப்பி, சுற்றிக் கல் அடுக்குவான். புல் மட்கி மழையில் கரைந்து தானாக விரிசலுக்குள் இறங்கட்டும் என்பது அவன் கணக்கு. முளைத்து ஒரு வருஷம் நின்றதில் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுவான். அதன்மேல் ரக்மாவின் ஐந்து மரத்திலிருந்தே குச்சி வெட்டி ஒட்டுக் கட்டுவான்.

முப்பது குழியில் ஒன்றையும் அவன் மூடவே இல்லை. கார்த்திகை வரைக்கும் அவற்றில் நின்ற தண்ணீரைக் குடத்தில் மொண்டு கன்றுகளுக்கு ஊற்றினான். அது வற்றிய பிறகு கீழேயிருந்து சுமந்தான். ஒரு கன்றுக்கு வாரம் ஒரு குடம், இரண்டு கோடை. மூன்றாம் கோடையிலிருந்து ஒரு சொட்டும் ஊற்ற மாட்டான். "இனிமே அதுவே தேடிக்கணும்."

எல்லாம் பிழைத்துவிடவில்லை. நூறு விரிசலில் வைத்தால் நாற்பது முளைக்கும், கோடை கழிந்தால் பத்து நிற்கும். குரங்குக் கூட்டம் வந்து கொழுந்தைக் கிள்ளும். நாலாம் வருஷம் கீழே யாரோ தங்கள் புல்வெளிக்கு வைத்த நெருப்பு மேலே ஏறி, அவன் பரப்பிய காய்ந்த புல்லைப் பற்றிக்கொண்டு பதினேழு கன்றைக் கருக்கியது. அதன் பிறகு தீபாவளி போனதும் எல்லாப் புல்லையும் வாரி அப்புறப்படுத்திவிட்டு, வெறும் கல்லைக் கன்றின் காலைச் சுற்றி இறுக்கமாக அடுக்கினான். கல்லை விலக்கினால் அடியில் ஈரம் இருந்ததை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன். இருமலோடு, சோறும் கொள்ளுக் குழம்பும் சுட்ட கருவாடுமாகப் பத்து வருஷம் ஓட்டினான். அதில் அவனிடம் நின்றது ரக்மாவின் ஐந்தோடு சேர்த்து இருபத்து மூன்று மரம்.

தொண்ணூற்று நாலில் ரக்மா வைத்த மரங்கள் காய்த்தன. பத்து வருஷம் ஆன மரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு குள்ளம். ஆனால் பழத்தை அறுத்தால் வீடு முழுக்க வாசனை ஓடும். ரத்னகிரியிலிருந்து வந்த பழத் தரகர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "எந்த உரம் போடுறீங்க?" என்று கேட்டார்.

"உரம் போட வக்கில்ல," என்றான் கேரு.

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

ஆறேழு வருஷம் நன்றாகத்தான் போயிற்று. சுலபாவுக்குக் கல்யாணம் ஆகி, பம்பாய்ப் பக்கம் டோம்பிவிலியில் குடித்தனம். அவள் ஊருக்கு அதிகம் வருவதில்லை. வந்தாலும் மேட்டுக்கு ஏற மாட்டாள். ஒரு தடவை நான் வற்புறுத்தியபோது, "அந்தக் குழியெல்லாம் இன்னும் இருக்கா காகா?" என்று கேட்டாள். சித்தப்பா முறையில் என்னைக் காகா என்பாள். இருக்கிறது என்றேன். "அப்ப நான் வரல," என்றாள்.

இரண்டாயிரத்து ஒன்றில் பாண்டு மேட்டில் தனக்கென்று வைத்துக்கொண்ட பட்டையைக் கல் வெட்டுகிற ஒருவருக்குக் கொடுத்தான். ஊர்ப்பக்கம் எல்லாம் செம்பாறையை அறுத்துச் சதுரச் சதுரமாக வீடு கட்ட அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. என் மில்லில் வைத்துக் கேரு அண்ணனிடம் கேட்டான்.

"தாதா, என் மரத்துக்குப் பக்கத்துலயா வெட்டப்போறாங்க?"

"உன் எல்லைக்குள்ள ஒரு அங்குலம் வர மாட்டாங்கடா. எழுதி வாங்கியிருக்கேன்."

"மேல வர மாட்டாங்க. கீழ?"

"கீழ என்ன இருக்கு? கல்லுதானே."

மெஷின் மாசியில் வந்தது. வாள் சுழலும் சத்தம் வாடி வரை கேட்டது. பூ எடுத்திருந்த மரங்கள் மேல் செந்தூள் படிந்து, பூ முழுவதும் கருகி உதிர்ந்தது. கேரு அதைப் பொறுத்துக்கொண்டான். பங்குனியில் ஒரு நாள் குவாரி ஆள் ஒருவன் கேருவைக் கூப்பிட்டுக்கொண்டு போனான். கேரு என்னையும் அழைத்தான். போகிற வழியில் பாண்டுவும் எங்களோடு சேர்ந்துகொண்டான். வயசு எழுபதைத் தாண்டிவிட்டது, கோல் ஊன்றி ஏறினான்.

அறுத்த பள்ளம் இரண்டு ஆள் ஆழம் இறங்கியிருந்தது. எல்லையை ஒட்டிய சுவர் கத்தியால் வெட்டிய வெண்ணெய்க்கட்டி மாதிரி நேராக நின்றது. அந்தச் சிவந்த சுவரில், மேலிருந்து அடி வரை, விரிசல் விரிசலாக வேர்கள் இறங்கியிருந்தன. என் மணிக்கட்டு கனம் ஒன்று. விரல் கனத்தில் பத்துப் பதினைந்து. தட்டையாக நசுங்கி, கல்லின் இடுக்கு எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து, சில இடத்தில் கல்லையே இரண்டாகப் பிளந்துகொண்டு, பள்ளத்தின் தரைக்கும் கீழே போயிருந்தன. வாள் பட்ட இடமெல்லாம் வெள்ளையாக வெட்டுப்பட்டுப் பால் கசிந்து காய்ந்திருந்தது.

கேரு பள்ளத்தில் இறங்கினான். சுவரில் கையை வைத்து ஒவ்வொரு வேராகத் தடவிக்கொண்டே நடந்தான். பதினேழு வருஷம் அவன் மேலே நின்று ஊகித்ததெல்லாம் அங்கே தெரிந்தது.

பாண்டு மேலே விளிம்பில் கோலை ஊன்றி நின்றான். வாய் கோணியது.

"எனக்குத் தெரியாதுடா கேரு. சத்தியமா எனக்குத் தெரியாது."

கேரு அண்ணாந்து பார்த்தான்.

"எனக்கும் தெரியாது தாதா," என்றான். "இவ்ளோ தூரம் போயிருக்கும்னு எனக்கும் தெரியாது."

கல் வெட்டுகிறவர் நல்ல மனுஷர்தான். அந்தப் பக்கம் இனி அறுக்க வேண்டாம் என்று மெஷினை வேறு மூலைக்குத் திருப்பிவிட்டார். ஆனால் எல்லையோரம் நின்ற பதினாலு மரத்துக்கும் பாதி வேர் போய்விட்டது. சித்திரை வெயிலில் இலை சுருள ஆரம்பித்தது. அந்தப் பதினாலில் ரக்மா வைத்த மரம் மூன்று.

கேரு என் மில்லுக்கு வந்து பழைய சாக்கு கேட்டான். இருந்ததெல்லாம் கொடுத்தேன், எல்லா மரத்துக்கும் போதாது. அவற்றைத் தண்ணீரில் நனைத்து, சரளையைக் குழைத்து உள்ளே அப்பி, பள்ளத்துச் சுவரில் வெட்டுப்பட்ட வேர்முனைகள்மேல் கட்டித் தொங்கவிட்டான். கீழே கிணற்றிலிருந்து குடம் சுமந்து, காலையும் மாலையும் சாக்கை நனைத்தான். அறுபத்து நாலு வயசு. குவாரி ஆட்கள் முதல் இரண்டு நாள் அவனைத் தாத்தா முறை சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.

"அஜோபா, கல்லுக்குக் கட்டு போடுறீங்களா?"

"ஆமா. ஒடிஞ்சிருக்கு, பாக்கல?"

மூன்றாம் வாரம் அவர்களே தங்கள் தண்ணீர் டிரம்மிலிருந்து இரண்டு குடம் ஊற்றத் தொடங்கினார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். "விடு கேரு. இத்தனை வயசுல மறுபடியும் தண்ணி சுமக்காதே. ஒம்பது மரம் நல்லா இருக்கே, அது போதும்." அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் குடத்தைத் தலையில் ஏற்றினான்.

"அப்ப தண்ணியை வெளிய இறைச்சோம்," என்றான். "அதுக்கு அவ போயிட்டா. நான் உள்ள ஊத்திட்டுப் போறேன்."

வைகாசிக் கடைசியில் ஒரு நண்பகல் பள்ளத்தின் ஏற்றத்தில் குடத்தோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. குவாரி ஆட்கள் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு நாள் இருந்தான். சுலபா வந்து சேர்ந்தபோது பேச்சு போயிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள், மழை தொடங்கிய காலையில், போய்விட்டான்.

எங்கள் வழக்கத்தில் சிதைக்கு மாமரத்து விறகு. மேட்டில்தான் பாதி மரம் பட்டுப்போய்க்கொண்டிருக்கிறதே, அதில் இரண்டை வெட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். சுலபா பாண்டு வீட்டு வாசலில் மறித்து நின்றாள்.

"அதுல ஒரு கிளையைத் தொட்டீங்கன்னா நான் பொணத்தை எடுக்க விடமாட்டேன்."

பாண்டு எழுந்து உள்ளே போய்க் கோடரியை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். தன் வயலோரத்தில் நின்ற மாமரத்தைக் காட்டினான். நல்ல கருப்பு மண்ணில், அவன் அப்பா காலத்தில் வைத்தது. வருஷம் தவறாமல் காய்க்கிற மரம். ஆனந்தி வாயைத் திறந்தாள். பாண்டு திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

பச்சை மரம், கொட்டுகிற மழை. சிதை பற்ற மறுத்தது. புகைந்து புகைந்து அணைந்தது. சுடுகாட்டில் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம், மண்ணெண்ணெய் ஊற்ற ஊற்றச் சாயங்காலம் வரை ஆனது. பாண்டு கடைசி வரை நனைந்துகொண்டே நின்றான். குடையை நீட்டினால் வாங்கவில்லை. அடுத்த தை மாதம் அவனும் இறந்துபோனான்.

பதினாலு மரத்தில் பன்னிரண்டு இரண்டு வருஷத்துக்குள் காய்ந்துவிட்டன. இரண்டு பிழைத்தன, அவை அவன் சாக்குக் கட்டிய மரங்களா, கட்டாத மரங்களா என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. மறுபக்கத்து ஒன்பதும் நிற்கின்றன. சுலபா நிலத்தை விற்கவில்லை. அவளால் வந்து பார்க்கவும் முடியவில்லை. வைகாசியில் நான்தான் ஆளை வைத்துப் பறித்து, வைக்கோல் பரப்பிய பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் டோம்பிவிலிக்கு ஏற்றிவிடுகிறேன். போன வருஷம் போனில் சொன்னாள், பெட்டியைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசனைக்கு எட்டிப் பார்த்தார்களாம், எந்தத் தோட்டம் என்று கேட்டார்களாம்.

"என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல காகா. ஆளுக்கு ரெண்டு குடுத்துட்டுக் கதவை மூடிட்டேன்."